முகச்சவரத்திற்கு நுரை உண்டாக்கும் முறை

சவரத்திற்குப் பின் தோன்றும் எரிச்சலுக்கும் கீறலுக்கும் பிளேடு மட்டுமே காரணமன்று. நுரையில் ஈரம் போதாமையும் காரணமாகும். நீரை உறிஞ்சிய முடி மென்மையடைந்து எளிதில் அறுபடும். எனவே முதலில் முகத்தை வெதுவெதுப்பான நீரால் கழுவி, இரண்டு மூன்று நிமிடங்கள் ஈரமாகவே வைத்திருக்கவும்.

பிரஷை நனைத்து, மிகுதி நீரை உதறி, சோப்பின்மீது அரை நிமிடம் சுழற்றவும். பின்னர் கிண்ணத்தில் குழைத்தவாறே சில துளிகளாக நீர் சேர்க்கவும். பெரும்பாலோர் அவசரப்படுவது இங்கேதான். பெருங்குமிழிகளுடன் பொங்கும் நுரை பார்வைக்கு அழகு, தோலைக் காக்காது. குமிழி கண்ணுக்குப் புலப்படாமல், கெட்டித் தயிர்போல் பளபளத்து வழுக்குவதே நல்ல நுரை. விரைவில் உலர்ந்தால் நீர் குறைவு. வழிந்தோடினால் சோப்பு குறைவு. கடினநீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் நுரையைக் கெடுக்கும். அங்கு சோப்பைச் சற்றுக் கூடுதலாக எடுக்கவும்.

பிரஷை அலசி, உதறி, காற்றில் உலரவிடவும். முதல் உலகப் போர்க் காலத்தில், தூய்மை செய்யப்படாத குதிரைமுடிப் பிரஷ்களால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சிலருக்கு ஆந்த்ராக்ஸ் நோய் ஏற்பட்டது. இன்று அஞ்சவேண்டியது பகிர்ந்துகொள்ளும் பழக்கத்தையே. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள்கள் தொற்றும் திறனுடன் இருக்கக்கூடும். ஆகவே தந்தையும் மகனுமாயினும் பிளேடும் பிரஷும் தனித்தனியே இருத்தல் வேண்டும். முடிதிருத்தகத்தில் புதிய பிளேடைக் கேட்டுப் பெறவும்.

கீறல் வீங்கினாலோ சீழ் கட்டினாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். நீரிழிவு உள்ளவர்கள் தாமதிக்கலாகாது.