போடியார் தலைமையும் தாய்வழிக் குடியும்

இலங்கையின் கிழக்குக் கரையில் கல்குடா அடங்கும் கோறளைப்பற்றிலும், அதற்குத் தெற்கே மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், ஒருவர் ஊரில் பெறும் மதிப்புக்குத் தாயின் குடியே முதல் அடையாளம். உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாட்சி குடி என்பன இங்கு நிலவுடைமைச் சாதியான முக்குவரின் குடிகளிற் சில. ஒரே குடிக்குள் கலியாணம் கிடையாது. வீட்டை மகளுக்கே கொடுப்பார்கள். மருமகன் அங்கு வந்து குடியேறுவார். கிழக்கு முஸ்லிம்களும் தாய்வழிக் குடிகள் உடையோரே.

பற்றுகள் எனும் பிரிவுகளை வன்னிமைகள் என்ற உள்ளூர்த் தலைவர்கள் ஆண்டனர். 1628இல் போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் கோட்டை கட்டினர். 1638இல் அது ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஆட்சி மாறினாலும் உள்ளூர்த் தலைவர்களை விட்டால் நெல்லும் வரியும் வந்து சேராது.

வயலில் அதிகாரம் பெருநில உடைமையாளரான போடியாருடையது. விதைநெல்லும் கடனும் அவர் கொடுப்பார். முல்லைக்காரன் வேலையை நடத்துவான். வட்டை விதானை தண்ணீரைப் பார்ப்பார். ஆனால் நிலம் மட்டும் ஒருவரைப் பெரியவராக்கிவிடாது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் கோயில் போன்ற இடங்களில் எந்தக் குடிக்கு எந்த வரிசை, கோயில் நிர்வாகியான வண்ணக்கர் எந்தக் குடியிலிருந்து வருவார் என்பதும் பார்க்கப்படும். தாய்வழி உரிமையாகையால் மாமனுக்குப் பின் சகோதரியின் மகன் வருவது இப்பதவியின் இயல்பு. இந்த வரிசைக்குக் கீழே தொழும்பு செய்த சாதிகளுக்குக் கோயிலில் கிடைத்தது பணியே, மதிப்பல்ல. அதை மறைத்துப் போடியார் பெருமை பேசுவது நேர்மையாகாது.

வட பசிபிக் கரையின் திலிங்கித், ஹைடா மக்களிடமும் தலைமை தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குச் செல்லும். அங்கே பதவியை ஊரறிய உறுதிசெய்வது 'பொட்லாட்ச்' என்ற கொடை விருந்து. கனடா அரசு அதை 1885 முதல் 1951 வரை தடைசெய்தது. மட்டக்களப்பிலோ விழாவையல்ல, சொத்துரிமையையே சட்டம் தொட்டது. கிறிஸ்தோபர் பிரிட்டோ முக்குவர் சட்டத்தைப் பற்றி நூல் வெளியிட்ட அதே 1876இல், விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வந்தது. சகோதரி மகனுக்குரிய முதுசொப் பங்கு, அதாவது மரபுச் சொத்தின் பங்கு, அதன்பின் வழக்கொழிந்தது.

கோறளைப்பற்றின் வாகரைப் பக்கத்துக் கடலோர வேடர் தமிழ் பேசி, மீன்பிடித்து வாழ்பவர்கள். இக்கரையின் ஆதிகுடிகளான அவர்களைப் போடியார் வரலாறு ஓரத்திலேயே வைத்தது.

1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் நெற்காணிக்கு 25 ஏக்கர் வரம்பு விதித்தது. பெருநிலம் குறைந்தது. கோயில் வரிசை மட்டும் இன்றும் குடிப்படியே கேட்கப்படுகிறது.