நுரைப்பதா, கரைப்பதா?

சமையலறை சிங்க்கில் தண்ணீர் இறங்காமல் நின்றால் பலருக்கும் முதலில் கை போவது ஆப்ப சோடாவுக்கும் வினிகருக்கும்தான். ஒரு கைப்பிடி சோடா, அதன் மேல் அரை டம்ளர் வினிகர். புஸ்ஸென்று பொங்கி வரும் நுரையைப் பார்த்ததும் உள்ளே ஏதோ பெரிய வேலை நடக்கிறது என்ற நிம்மதி வந்துவிடுகிறது. இன்னொரு வழியும் இருக்கிறது: சலவைச் சோடாவும் சுடுநீரும். இதில் பொங்குவதற்கு ஒன்றுமில்லை. எண்ணெய்ப் பிசுக்கால் வந்த அடைப்பு என்றால், நான் இந்த இரண்டாவது வழியின் பக்கம்தான்.

ஆப்ப சோடா மென்மையான காரம். வினிகர் மென்மையான அமிலம். சேர்ந்த மாத்திரத்தில் ஒன்றின் குணத்தை மற்றொன்று தீர்த்துவிடும். கரியமில வாயு மேலே போய்விட, மிஞ்சுவது சோடியம் அசிடேட் என்ற உப்பு கரைந்த தண்ணீர். அதற்கு எண்ணெயைக் கரைக்கும் சக்தி கிடையாது. அளவும் பொருந்துவதில்லை. கடை வினிகரில் அசிட்டிக் அமிலம் பெரும்பாலும் 4 சதவீதம்தான். 100 மில்லி வினிகருக்கு 5.6 கிராம் சோடா, அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றே அதிகம், போதும். கைப்பிடியாகக் கொட்டியதில் மீதியெல்லாம் வினைபுரியாமல் குழாயின் வளைவில் போய்த் தங்குகிறது. வாயு அடைப்பைத் தள்ளிவிடும் என்பதும் நடக்காது. சிங்க்கின் வாய் திறந்திருக்கும்போது வாயு வந்த வழியே வெளியேறிவிடும்.

பிறகு எப்படிச் சிலருக்குத் தண்ணீர் இறங்குகிறது? நுரை அடங்கியதும் ஒரு பாத்திரம் சுடுநீர் ஊற்றுகிறார்கள் அல்லவா, பெரும்பாலும் அந்தச் சூடு செய்த வேலைதான்.

சிங்க்குக்குக் கீழே இருக்கும் வளைவைக் கழற்றிப் பார்த்தால் அடைப்பின் இயல்பு புரியும். குழாயின் உட்சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் படிவு. விரலால் வழித்தால் மெழுகாகத் திரளும். அதில் சோற்றுப் பருக்கையும் கறிவேப்பிலை நரம்பும் தேங்காய்த் துருவலும் ஒட்டிக் கிடக்கும். படிவுதான் அடித்தளம், மற்றவை அதன் மேல் வந்து சேர்ந்தவை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் மார்கழிக் காலையில் அடைப்பு தலைகாட்டுவது இயல்பே.

இந்தப் படிவுக்குத் தேவை வலுவான காரம். காரத்தன்மையை அளக்கும் பி.எச். அளவில் ஆப்ப சோடாக் கரைசல் 8-ஐச் சற்றுத் தாண்டும். சலவைச் சோடாக் கரைசல் 11-ஐ ஒட்டி நிற்கும். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால் இது சின்ன வித்தியாசம் அல்ல. வடை, பஜ்ஜி பொரித்த எண்ணெயில் கொழுப்பு அமிலங்கள் பிரிந்து கிடக்கும். சலவைச் சோடா அவற்றைச் சோப்பாக மாற்றுகிறது; அந்தச் சோப்பு மீதி எண்ணெயையும் துளித்துளியாகப் பிரித்து நீரோடு அனுப்புகிறது. விறகடுப்புச் சாம்பலால் எண்ணெய்ப் பாத்திரம் துலக்கிய காலத்தில் நடந்ததும் இதே வேதியியல்தான். சாம்பலில் இருக்கும் பொட்டாசியம் கார்பனேட், சலவைச் சோடாவான சோடியம் கார்பனேட்டுக்கு நெருங்கிய உறவு.

கடையில் சலவைச் சோடா கிடைக்காவிட்டால் ஆப்ப சோடாவையே இரும்பு வாணலியில் வறுக்கலாம். சூடேறியதும் தூள் தண்ணீர்போலத் தளதளக்கும். நீராவியும் கரியமில வாயுவும் போகிற அறிகுறி அது. முழுதாக மாறினால் 100 கிராம் போட்ட இடத்தில் சுமார் 63 கிராம் சோடியம் கார்பனேட் மிஞ்சும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், இந்தக் காரம் அதை அரிக்கும்.

சிங்க்கில் தேங்கிய நீரை முதலில் மொண்டு எடுத்துவிடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, அரை டம்ளர் சலவைச் சோடாவை ஒரு லிட்டர் சுடுநீரில் கரைத்து மெதுவாக ஊற்றி, அரை மணி நேரம் விடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. பி.வி.சி. குழாய் 75, 80 டிகிரியில் இளகத் தொடங்கும். ஒரு பங்கு கொதிநீருக்கு ஒன்றேகால் பங்கு குழாய்நீர் கலந்தால் 60 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். பிறகு பாத்திரம் துலக்கும் திரவம் சில துளி விட்டு, அதே சூட்டில் நிறையத் தண்ணீர் ஓடவிட வேண்டும். இதில் கஞ்சத்தனம் பண்ணினால் இளகிய கொழுப்பு அடுத்த வளைவில் போய் மறுபடி உறையும்.

வினிகரை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. போர் தண்ணீர் வரும் வீடுகளில் சிங்க்கின் வாயைச் சுற்றி வெள்ளையாகக் காய்த்துக் கிடக்கும் சுண்ணாம்புப் படிவைக் கரைப்பதில் அதுதான் கெட்டி. சோடா அங்கே தோற்றுப்போகும். ஆனால் வினிகர் தனியாக வேலை செய்ய வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கு ஆபத்து.

டீத்தூளும் தேங்காய்த் துருவலும் திரண்டு அடைத்திருந்தால் இரண்டு வழியுமே உதவாது. ரப்பர் பம்பால் அழுத்தி எடுங்கள், இல்லையேல் கீழே வாளி வைத்து வளைவைக் கழற்றுங்கள். அதற்கு முன் காஸ்டிக் சோடா கலந்த அடைப்பு நீக்கித் தூள் எதையாவது கொட்டியிருந்தால் ரப்பர் பம்பைத் தொடவே வேண்டாம். கழற்ற வரும் பிளம்பரிடமும் வாசலிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். உள்ளே தேங்கி நிற்கும் அந்த நீர் தெறித்தால் கண்ணும் தோலும் வெந்துவிடும்.