உபவாசம் சென்ற ஊர்கள்

இந்தோனேசியாவில் ரமலான் பிறந்தால் மக்கள் அதனைப் 'புவாசா மாதம்' என்பர். மாலையில் நோன்பு திறப்பதற்குப் 'புக்கா புவாசா' என்று பெயர். 'சவ்ம்' என்ற அரபுச் சொல் அங்கு அறியப்படாததன்று. ஆயினும் பேச்சு வழக்கில் நிலைத்தது புவாசாவே. தமிழ் முஸ்லிம்கள் 'நோன்பு' என்ற தமிழ்ச் சொல்லைக் கையாளுகிறார்கள் அல்லவா? அதுபோல அவர்களும் தங்களிடம் முன்பே இருந்த சொல்லை விடவில்லை.

அச்சொல் வடமொழி 'உபவாசம்' என்பதன் தேய்ந்த வடிவம். முதல் உகரம் வீழ்ந்தது. 'பவா' என்பது 'புவா' ஆயிற்று. கி.பி. 5ஆம் நூற்றாண்டளவிலேயே போர்னியோத் தீவின் கூத்தாயில் வடமொழிக் கல்வெட்டுகள் எழுந்தன. இஸ்லாம் அத்தீவுகளில் வேரூன்றியதோ 13ஆம் நூற்றாண்டு முதல்தான். ஜாவா மொழியில் சொல் இன்னும் சுருங்கிப் 'பாசா' ஆகி, ரமலான் மாதத்திற்கே பெயராயிற்று.

இனி, சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். 'உப' என்றால் அருகில். 'வஸ்' என்றால் தங்குதல். பட்டினி என்ற பொருள் இதில் எங்கே இருக்கிறது? வேத காலத்தில் வேள்விக்கு முந்திய நாள் 'உபவசதம்' எனப்பட்டது. அன்றே தேவர்கள் வேள்வி செய்பவன் வீட்டில் வந்து தங்கிவிடுகிறார்களாம். விருந்தினர் உண்ணுமுன் வீட்டுக்காரன் உண்பது முறையா என்று கேட்கிறது சதபத பிராமணம். சொல்லுக்குக் காரணம் காட்டப் பின்னர் எழுந்த விளக்கமாக இருக்கலாம். எனினும் தங்குதல் எவ்வாறு பட்டினியாயிற்று என்பதற்கு இதைவிட அழகான விடை கிடைப்பதரிது.

பாலி மொழியில் இந்த உபவசதமே 'உபோசதம்' ஆயிற்று. பிற சமயத் துறவிகள் குறிப்பிட்ட திதிகளில் கூடி அறம் உரைப்பதைக் கண்ட மகத மன்னன் பிம்பிசாரன், பௌத்தத் துறவிகளும் அவ்வாறு கூடலாமே என்று புத்தரிடம் கூறியதாக விநய பிடகம் சொல்கிறது. இங்கே பட்டினி பின்னுக்குப் போய்க் கூட்டம் முன்னுக்கு வந்துவிட்டது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் சாரநாத்தில் பொறித்த தூண் சாசனமும் உபோசத நாளைக் குறிப்பிடுகிறது.

சிங்களத்தில் அது 'போயா'. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறையே. 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமையை நீக்கிப் போயா நாளையே வார விடுமுறையாக்கியும் பார்த்தார்கள்.

தாய்லாந்திலோ நாள் போய்க் கட்டடம் வந்தது! துறவிகள் கூடும் மண்டபம் அங்கு 'உபோசோட்', சுருக்கமாகப் 'போட்'. பாங்காக்கின் மரகத புத்தர் வீற்றிருப்பதும் அத்தகைய மண்டபத்தில்தான். அந்நாட்டுக் கிறித்தவர்களின் தேவாலயத்திற்கும் 'போட்' என்றே பெயர்.