கடல்வழி வந்த குதிரைகள்

பாம்பன் பாலத்தில் நின்று தென்திசை நோக்குவோருக்கு மன்னார் வளைகுடாவின் நீர்ப்பரப்பும் மீனவர் படகுகளுமே தென்படும். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர், இக்கடற்கரையை ஒட்டிய பாண்டியர் துறைகளில் ஆண்டுதோறும் வந்திறங்கிய சரக்கொன்றை இன்று நினைப்பார் அரியர். அது குதிரை.

1292-ஆம் ஆண்டை ஒட்டிப் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினான் என்றும், அவன் உடன்பிறந்தார் நால்வரும் அவ்வாறே வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் எழுதியுள்ளார். பாரசீக வரலாற்றாசிரியர் வாசாஃப் தரும் கணக்கு இன்னும் பெரிது: பத்தாயிரம் குதிரைகள், ஒன்றின் விலை 220 பொற்காசு. வழியில் இறந்தவற்றுக்கும் பாண்டியன் கருவூலமே விலை கொடுக்க வேண்டுமாம்! வணிகர்க்கு இதனினும் நல்ல உடன்படிக்கை எங்கே கிடைக்கும்?

குதிரைகள் ஏன் மடிந்தன? இந்நாட்டார்க்குப் பேணத் தெரியவில்லை. சோறு சமைத்து ஊட்டினர். குதிரை மருத்துவர் இங்கு வராதபடி வணிகரே தடுத்தனர் என்பது போலோவின் விடை. இதில் உண்மை உண்டு. எனினும், குற்றம் முழுவதையும் நம் முன்னோர்மேல் சுமத்துவதற்கு முன், குதிரை எந்த மண்ணின் பிள்ளை என்று கேட்பது முறை.

அதற்கு இன்று பழைய எலும்புகளே விடை கூறுகின்றன. உயிரினத்தின் ஒவ்வோர் அணுவிலும் அதன் முன்னோர் வரலாறு மரபணுவாக எழுதப்பட்டுள்ளது. இறந்தபின் அவ்வெழுத்து துண்டு துண்டாகச் சிதையும். ஆயினும் உட்செவியைச் சூழ்ந்த கெட்டியான எலும்பில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்தும் சில துண்டுகள் எஞ்சுவதுண்டு. கஜகஸ்தானத்துப் போத்தாய் என்னும் ஊரில் 5,500 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் குதிரைப்பால் கறந்ததற்குக் கலயங்களில் தடயம் உண்டு. நம் காலக் குதிரைகளின் மூதாதையர் அவையே என அறிஞர் பலர் நம்பியிருந்தனர். 2018-இல் மரபணு ஆய்வு அதை மறுத்தது. 2021-இல் லுடோவிக் ஒர்லாந்தோவின் குழுவினர் 273 பழங்குதிரைகளின் எச்சங்களை ஆராய்ந்து, வோல்கா, டான் ஆறுகளின் கீழ்ப்பகுதிப் புல்வெளியே இன்றைய குதிரைகளின் தாயகம் என நிறுவினர். வலிய முதுகும் சாந்த குணமும் தரும் மரபணுக்கள் அங்கே மனிதனின் தேர்வால் பெருகின. கி.மு. 2000-ஐ ஒட்டி அக்குதிரைகள் எங்கும் பரவின. பனியும் பரந்த புல்லும் கண்ட அவ்வினத்தின் வழித்தோன்றல்களே, பாரசீகம், அரபு நாடுகள் வழியாகக் கப்பலேறி, உப்புக்காற்று வீசும் நம் கரையில் இறங்கின.

இங்கு மாண்டவற்றின் எலும்புகளிடமே கேட்கலாமே என்பீர்கள். வெப்பம் அவ்வெழுத்தை விரைந்து அழித்துவிடும். அரியானாவின் ராகிகடியில் மனித எலும்பு மாதிரிகள் 61-ஐச் சோதித்தும், பயன்படும் அளவு மரபணு கிடைத்தது ஒன்றில்தான் என 2019-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நம் கடற்கரை மணல் அதனினும் வெப்பமானது.

ஆனால், மார்க்கோ போலோவுக்கும் எனக்கும் ஒருசேர மறுப்புரைக்கும் சாட்சிகள் இக்கடலோரத்திலேயே உயிருடன் திரிகின்றன. இராமேசுவரத்துக்கு வடகிழக்கே, இலங்கையைச் சேர்ந்த நெடுந்தீவில் போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் கட்டுவாரின்றி மேய்கின்றன. பழைய லாயத்தின் தூண்கள் அங்கே சிதைந்து நிற்கின்றன. நம் கோடியக்கரையிலும் இத்தகைய குதிரைகள் உண்டு. சமைத்த சோறும் இல்லை, மருத்துவரும் இல்லை. வறண்ட புல்லைத் தின்று தலைமுறை தலைமுறையாகப் பிழைத்துள்ளன. அவற்றின் வம்சத்தை அறிய நிலத்தைத் தோண்ட வேண்டுவதில்லை. வேரோடு உதிர்ந்த பிடரிமயிர் சில போதும்.