டாக் சோதனை

டாக் சோதனை என்பது இயற்கை வேளாண்மையையும் வழமையான வேளாண்மையையும் ஒரே நிலத்தில் அருகருகே நெடுங்காலமாக ஒப்பிட்டு வரும் கள ஆய்வு ஆகும். இது 1978 ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பேசல் நகருக்கு அருகிலுள்ள தெர்வில் என்னும் ஊரில் தொடங்கப்பட்டது. உயிராற்றல் வேளாண்மை, இயற்கை வேளாண்மை, வழமையான வேளாண்மை ஆகியவற்றைக் குறிக்கும் இடாய்ச்சு மொழிச் சொற்களிலிருந்து எடுக்கப்பட்ட டி, ஓ, கே என்னும் எழுத்துகளே இதன் பெயராயின.

சோதனையின் அமைப்பு

வெவ்வேறு இடங்களிலுள்ள இரு பண்ணைகளை ஒப்பிட்டால், காணப்படும் வேறுபாட்டுக்கு மண் காரணமா, வேளாண் முறை காரணமா எனப் பிரித்தறிவது கடினம். இங்கு மண், பயிர்ச் சுழற்சி, உழவு ஆகியவை ஏறத்தாழ ஒன்றே; உரமும் பயிர்ப் பாதுகாப்பும் மட்டுமே வேறுபடுகின்றன. ஒரு சுழற்சி ஏழு ஆண்டுகள் கொண்டது. கோதுமை, உருளைக்கிழங்கு, தீவனப் புல் முதலியன அதில் இடம்பெறுகின்றன. வழமையான பாத்திகளில் ஒரு வகைக்குத் தொழுவுரமும் செயற்கை உரமும் சேர்த்தே இடப்படுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். எனவே இதனை எருவுக்கும் செயற்கை உரத்துக்கும் இடையிலான எளிய போட்டியாகக் கருதுவது பொருந்தாது.

மண்ணும் விளைச்சலும்

முதல் 21 ஆண்டு முடிவுகளைப் பவுல் மேடர் குழுவினர் 2002 இல் சயன்சு இதழில் வெளியிட்டனர். இயற்கைமுறைப் பாத்திகளில் உரமும் எரிசக்தியும் 34 முதல் 53 விழுக்காடு வரையும், பூச்சிக்கொல்லி முதலிய பயிர்க்காப்பு மருந்துகள் 97 விழுக்காடும் குறைவாகவே தேவைப்பட்டன. மண்புழுக்கள் 1.3 முதல் 3.2 மடங்கு வரை மிகுந்திருந்தன. வேர்ப்பூஞ்சைகள் படர்ந்த வேரின் நீளம் 40 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இப்பூஞ்சைகள் மண்ணிலுள்ள பாசுபரசு முதலிய சத்துகளைப் பயிருக்குக் கொண்டுசேர்ப்பவை.

விளைச்சல் சராசரியாக 20 விழுக்காடு குறைந்தது. ஆனால் இந்தச் சராசரி எண் பயிர்களிடையே உள்ள பெரும் வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. கோதுமை, வழமையான விளைச்சலில் 90 விழுக்காட்டை எட்டியது. உருளைக்கிழங்கோ 58 முதல் 66 விழுக்காடே தந்தது. பொட்டாசியக் குறைவும் பின்பருவக் கருகல் நோயுமே இதற்கு முதன்மைக் காரணங்கள்.

உணவின் தரம்

இயற்கை உணவு சத்து மிகுந்தது என்னும் பரவலான கருத்துக்கு இவ்வயலின் கோதுமை துணைநிற்கவில்லை. 2007 இல் வெளியான ஆய்வின்படி புரதம், அமினோ அமிலங்கள், கனிமங்கள், ரொட்டி சுடும் தன்மை ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உரம் பெரிதும் குறைந்தும் தரம் குறையவில்லை என்றும் இதனைக் கொள்ளலாம். உணவுத் தெரிவுச் சோதனையில் எலிகள் மட்டும் இயற்கைமுறைக் கோதுமையையே விரும்பித் தின்றன!

தெளிவான வேறுபாடு, உணவில் எஞ்சும் வேதிப்பொருள்களில் உள்ளது. பல நாடுகளின் 343 ஆய்வுகளைத் தொகுத்து 2014 இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, வழமையான பயிர்களில் பூச்சிக்கொல்லி எச்சம் நான்கு மடங்கு அடிக்கடி காணப்படுவதாகவும், இயற்கைமுறைப் பயிர்களில் காட்மியம் என்னும் நச்சு உலோகம் குறைவாக இருப்பதாகவும் கண்டறிந்தது.