மரக்கலமும் மாற்றுப் பலகையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடல் வரலாறு பேசப்படும் போதெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது 'அன்னபூரணி'யாகும். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட, ஏறத்தாழ 89 அடி நீளமான இப்பாய்க்கப்பலை, 1928 முதல் 1931 வரை சிறுகலமொன்றில் உலகை வலம்வந்த அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்கி, 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' எனப் பெயர் மாற்றினார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை உள்ளிட்ட வல்வெட்டித்துறைக் கடலோடிகளுடன் அத்திலாந்திக்கைக் கடந்த அக்கப்பல், 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொசெஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது.

அப்போது அது புதுக்கப்பலன்று. ஏற்கனவே வாணிபத்தில் உழைத்த கலமே. கட்டியோரையும் செலுத்தியோரையும் போற்றும் நம் வரலாறு, மரக்கலங்களைக் காலந்தோறும் பழுதுபார்த்துக் காத்த ஓடாவிமாரைப் பெரிதும் மறந்துவிட்டது. அவர்தம் தொழிலை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரக்கலத்தைக் கடல்நீரே அழிக்கின்றது என்பது பொதுவான எண்ணம். உண்மை சற்று வேறானது. கடற்புழு நீர்மட்டத்தின் கீழுள்ள மரத்தைத் துளைப்பது மெய்யே. ஆயின் உப்புநீரில் ஊறிய பலகை எளிதில் உளுத்துப் போவதில்லை. மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சணத்துக்கு மழைநீரே வாய்ப்பளிக்கின்றது. தளத்தின் ஓரத்திலும் மேல்விளிம்புப் பலகையின் மூட்டுகளிலும் மழைநீர் தேங்கும். இரும்பாணி துருப்பிடிக்க, அதனைச் சூழ்ந்த மரமும் நைந்துபோகும். கரையிலும் பிற கலங்களிலும் உராய்ந்து முதலிற் சிதைவதும் இவ்விளிம்புப் பலகையே. பார்வைக்கு அது வெறும் அலங்காரம். செயலிலோ உள்ளிருக்கும் சட்டங்களுக்குக் காவல். அதனைக் காலத்தில் மாற்றாதவன் பின்னர்ச் சட்டங்களையே மாற்ற நேரும்.

மாற்றுதலிலும் ஒரு முறையுண்டு. பழைய பலகையை உடைக்காது கழற்ற வேண்டும். புதியதற்கு அதுவே அச்சு. முழுப் பலகையையும் மாற்ற வேண்டாதவிடத்துப் பழுதுற்ற பகுதியை மட்டும் அறுத்து, இரு முனைகளையும் சாய்வாகச் சீவிப் பொருத்துவர். சாய்வின் நீளம் பலகைத் தடிப்பின் எட்டு மடங்கேனும் இருத்தல் நன்று. நன்கு உலர்ந்த மரமாகவும், வளைவுக்கேற்ற இழையோட்டம் உடையதாகவும் தேர்தல் வேண்டும். நீர்மட்டத்துப் பலகைகளின் இடைவெளியை நாரோ பஞ்சோ திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூசி அடைப்பர். இதுவே கலப்பற்று எனப்படும்.

இவ்விடத்து ஒரு வினா எழும். பலகை பலகையாக மாற்றப்பட்ட கப்பல் பழைய கப்பல்தானா? ஏதென்சு நகரத்தார் தேசியசு என்னும் வீரனின் கப்பலை இவ்வாறு பேணினரென்றும், அதுபற்றி அறிஞர் வாதிட்டனரென்றும் புளூட்டாக் எழுதினார். ஓடாவியின் தொழிலை நோக்குமிடத்து, மரம் மாறினும் அளவும் வளைவும் கைமுறையும் தொடரும்வரை கப்பலும் தொடர்கின்றது என்றே கொள்ளத் தோன்றுகின்றது.

அத்தொடர்ச்சிதான் இங்கு அறுந்தது. 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும், குடாநாட்டுக் கப்பல்கள் ஈடுபட்டிருந்த பர்மா அரிசி வாணிபம் தடைப்பட்டது. விசைக்கப்பல்களுடன் பாய்க்கப்பல் போட்டியிட இயலவில்லை. பின்னர்க் காரைநகரில் சீநோர் நிறுவனம் கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டியது. அவை மீனவர்க்கு நன்மையே செய்தன. ஆயின் மரத்தை அறிந்த கைகளுக்கு வேலை குறைந்தது. 1983இன் பின் நீடித்த போர் கடலையே மூடியது. 2004 திசெம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை கரையிலிருந்த கலங்களையும் அழித்தது.

பழைய வள்ளமொன்றைக் கண்ணாடிக் கூண்டில் வைப்பது பேணலின் ஒரு பகுதியே. அதன் உளுத்த விளிம்பை அளந்து கழற்றி, புதுப் பலகையைப் பொருத்தத் தெரிந்த ஒருவர் ஊரில் இருக்கும்வரைதான் அது வள்ளம். அதன்பின் அது வெறும் மரம். தொழிலறிந்த முதியோர் உள்ளபோதே அவர்தம் சொற்களையும் அளவுகளையும் எழுதிவைப்பது, வரலாறு பயிலும் நம்மவர் கடனன்றோ?