டிராகுலா (1958): விமர்சன வரவேற்பு

ஹாமர் திரைப்பட நிறுவனத்துக்காக டெரன்ஸ் ஃபிஷர் இயக்கிய 'டிராகுலா' 1958இல் வெளியானபோது பிரிட்டனின் விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தனர். கறுப்பு வெள்ளையில் நிழலாட்டமாக இருந்த பயங்கரம், வண்ணத்தில் செங்குருதியாக வழிந்ததே முக்கியக் காரணம். தணிக்கைக் குழு சில காட்சிகளை வெட்டி, பெரியவர்களுக்கான 'எக்ஸ்' சான்றிதழ் வழங்கியது. ரசிகர்களோ திரண்டு வந்தனர்.

காலப்போக்கில் மதிப்பீடு மாறியது. பிரிட்டிஷ் சினிமாவுக்கே உரிய மரபு காத்திக் திகில்தான் என்று விமர்சகர் டேவிட் பிரி 1973இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். இப்படத்தில் நடித்த கிறிஸ்டோபர் லீயின் கம்பீரமும் கவர்ச்சியும், பீட்டர் குஷிங்கின் துடிப்பும் இன்று பாராட்டப்படுகின்றன.  ஜப்பானியப் பிரதியில் கிடைத்த, முன்பு வெட்டப்பட்ட காட்சிகள் 2012இல் படத்தில் மீண்டும் சேர்க்கப்பட்டன.